சைலன்சர் மாத்தினா வண்டி பறக்குமா? ஒரு குழாயோட நூறு வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம். நம்ம நேயர் ஒருத்தர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகுது, வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, 350 சி.சி. வண்டி வெச்சிருக்கேன். கடையில ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் காட்டுறாங்க. பிக்கப் கூடும், மைலேஜ் ஏறும், சவுண்டும் கெத்தா இருக்கும்னு சொல்றாங்க. பதினாலாயிரம் ஆகுமாம். போடலாமா?"

இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்ல. மாசத்துக்கு நாலு பேராவது கேக்குறாங்க. ஆமாம், இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா இதே கேள்வியை 1961-ல ஒருத்தர் கேட்டிருந்தா "கண்டிப்பா போடு, உயிரைக் கொடுத்தாவது போடு"ன்னு சொல்லியிருப்பேன். அந்த வருஷம் ஒருத்தர் கிட்டத்தட்ட அதைத்தான் செஞ்சார். 1985-ல கேட்டிருந்தா "வண்டி எதுன்னு சொல்லு"ன்னு கேட்டிருப்பேன். இப்போ கேட்டா வேற பதில். குழாய் பார்க்க அதே குழாய்தான், ஆனா அதோட வேலை மாறிக்கிட்டே வந்திருக்கு. அதனால கதையை முதல்ல இருந்து சொல்றேன்.

ஒரு வேடிக்கையை மட்டும் முதல்லயே சொல்லிடறேன். அமெரிக்காவுல இந்தப் பொருளுக்கு மஃப்ளர்னு பேரு. இங்கிலாந்துல சைலன்சர். நம்மகிட்ட பிரிட்டிஷ்காரங்க பேருதான் ஒட்டிக்கிச்சு. சைலன்சர்னா சத்தத்தை அடக்குறது. நம்ம ஊர்ல ஒருத்தன் "புது சைலன்சர் போட்டேன்டா"ன்னு சொன்னா, இனிமே நாலு தெருவுக்குக் கேக்கும்னு அர்த்தம்!

மோட்டார் வாகனம் வந்த புதுசுல சத்தம்தான் பெரிய தலைவலி. சிலிண்டருக்குள்ள எரிஞ்ச வாயு ரொம்ப அதிகமான அழுத்தத்துல இருக்கும். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் அது மொத்தமா வெளியே பாயுது. அந்த அழுத்த அலைதான் நம்ம காதுல "டப்"புன்னு விழுது. தெருவுல ஓடினது முழுக்கக் குதிரை வண்டிகள். கார் வந்தா குதிரை மிரளும். 1897-ல அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சின் சத்தத்தை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினாங்க. கொஞ்ச வருஷம் கழிச்சு, 1909-ல, ஹைரம் பெர்சி மேக்ஸிம் என்பவர் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். மெஷின் கன்னைக் கண்டுபிடிச்ச மேக்ஸிமோட மகன்தான் இவர். அப்பா சத்தத்தை உண்டாக்கினார், பையன் அதை அடக்கப் பார்த்தார். கார் தொழில்லயும் இருந்தவர். ரெண்டு இடத்துலயும் தத்துவம் ஒண்ணுதான்: பாய்ஞ்சு வர்ற வாயுவை நேரா வெளியே விடாம, வேகத்தைக் குறைச்சு, விரிய விட்டு, ஆற விட்டு அனுப்பணும்.

அந்தக் காலத்து சைலன்சர்கள் ரொம்ப மோசமான வடிவமைப்பு. வாயு வெளியே போக முடியாம முட்டும், எஞ்சின் திணறும். அதனால பழைய கார்கள் பலதுல கால்கிட்ட ஒரு நெம்புகோல் இருந்தது. ஊரைத் தாண்டினதும் அதை மிதிச்சா வாயு சைலன்சருக்குள்ள போகாம நேரா வெளியே போகும். மேடு ஏறும்போது பலம் கூடும். அதுக்குப் பேரு கட்-அவுட். (நம்ம ஊர் கட்-அவுட் இல்லைங்க, அதுக்கு வேற எபிசோட் போடணும்.) சைலன்சரைக் கழட்டினா வண்டி ஓடும்ங்கிற நம்பிக்கை பிறந்தது அங்கதான். அன்னைக்கு அது உண்மையாவும் இருந்தது.

இப்போ இங்கிலாந்துக்கு வாங்க. சர்ரே மாவட்டத்துல வேபிரிட்ஜ் பக்கத்துல 1907-ல புரூக்லாண்ட்ஸ் ரேஸ் டிராக் திறந்தாங்க. கார் பந்தயத்துக்குன்னே கட்டின முதல் டிராக். சுத்தி வீடுகள். அந்த வீட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா? கோர்ட்டுக்குப் போனாங்க, திரும்பத் திரும்பப் போனாங்க. கடைசியில 1920-களில் அங்கே ஓடுற வண்டிகளுக்கு சைலன்சர் கட்டாயம்னு ஆச்சு. தகர டப்பா மாதிரி பெருசா, பின்னாடி மீன் வால் மாதிரி தட்டையா இருக்கும். புரூக்லாண்ட்ஸ் கேன்னு பேரே வந்துடுச்சு. ரேஸர்கள் புலம்பித் தள்ளினாங்க. ஆனா வேகச் சாதனைகள் நிக்கல. டப்பா போதுமான அளவு பெருசா இருந்தா எஞ்சினுக்குப் பெரிய நஷ்டம் இல்லைன்னு எல்லாருக்கும் புரிஞ்சுது.

அந்த டிராக்ல ஒரு வழக்கம் உண்டு. மோட்டார் சைக்கிள் பந்தயத்துல மணிக்கு 100 மைலுக்கு மேல ஒரு சுத்து ஓட்டினா சட்டையில குத்திக்க ஒரு தங்க நட்சத்திரப் பின் குடுப்பாங்க. 1937-ல வால் ஹாண்ட்லி ஒரு பி.எஸ்.ஏ. எம்பயர் ஸ்டார் வண்டியில அதைச் சாதிச்சார். அந்தப் பெருமையில பி.எஸ்.ஏ. கம்பெனி தன் அடுத்த மாடலுக்கு கோல்ட் ஸ்டார்னு பேரு வெச்சது. இந்தப் பேரை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம புல்லட் கடைகள்ல தொங்குற கோல்ட் ஸ்டார் சைலன்சர்! அந்த வண்டியோட சைலன்சர் வடிவத்தைப் பார்த்துச் செஞ்சது. ஊரையே எழுப்புற அந்தக் குழாயோட பேரு, சைலன்சர் இல்லாம உள்ளே விடவே மாட்டேன்னு சொன்ன ஒரு டிராக்ல இருந்து வந்தது. எனக்கு இதுல ஒரு தனி சந்தோஷம்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் குழாய் எஞ்சினுக்கு எதிரிங்கிற கதை. அடைப்பு கம்மியா இருந்தா நல்லது, அவ்வளவுதான். அடுத்து வர்றவர் இதைத் தலைகீழாக்கினார்.

வால்டர் காடன், கிழக்கு ஜெர்மனிக்காரர். இரண்டாம் உலகப்போரில் ஹென்ஷெல் நிறுவனத்தின் ஏவுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த பொறியாளர். போருக்குப் பிறகு ட்சோபாவ் ஊரில் இருந்த மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் ரேஸ் பிரிவுக்கு வந்தார். பிற்பாடு எம்.ஸெட். என்று பேர் வாங்கிய தொழிற்சாலை அது. கையில காசு இல்ல, நல்ல உலோகம் கிடைக்கிறது கஷ்டம். எதிர்ல ஹோண்டா மாதிரி கம்பெனிகள். இவர்கிட்ட இருந்தது டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். அப்போ அது மொபெட்டுக்கும் புல்வெட்டும் மெஷினுக்கும்தான் லாயக்குன்னு உலகம் நினைச்ச எஞ்சின்.

டூ-ஸ்ட்ரோக்கோட பிரச்னை என்னன்னா, அதுல எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவர்ல ஓட்டைகள்தான். எரிஞ்ச வாயு வெளியே போற வாசல் திறந்திருக்கும்போதே புது பெட்ரோல் கலவை உள்ளே வருது. முன் வாசல் வழியா விருந்தாளி வர்றாரு, பின் வாசல் திறந்தே கிடக்கு, அப்படியே நடந்து வெளியே போயிடறாரு. எரியாத பெட்ரோல்ல கணிசமான பங்கு குழாய் வழியா வீணாப் போகும்.

காடன் கதவு வைக்கல. அழுத்த அலையையே கதவாக்கினார். குழாயை ஒரே தடிமனா வைக்காம, முதல்ல மெல்ல விரியுற கூம்பு, அப்புறம் ஒரு வயிறு, அப்புறம் குறுகுற கூம்புன்னு வடிவமைச்சார். சிலிண்டர்ல இருந்து கிளம்புற அழுத்த அலை விரியுற இடத்துக்கு வந்ததும், அங்கேருந்து உறிஞ்சுற அலை ஒண்ணு திரும்பிப் போகும். அது சிலிண்டர்ல மிச்சம் இருக்கிற புகையை இழுத்து வெளியே எடுக்கும். அதே அலை குறுகுற கூம்புல மோதினா, தள்ளுற அலை ஒண்ணு திரும்பும். வெளியே தப்பிப் போன புது கலவையை, வாசல் மூடுறதுக்குச் சரியா முன்னாடி, உள்ளே திரும்பத் தள்ளிவிட்டுடும். இதுக்கு எக்ஸ்பான்ஷன் சேம்பர்னு பேரு. இதே யோசனை டி.கே.டபிள்யூ. கம்பெனிப் பொறியாளர் எரிக் வொல்ஃப் வேலையில முன்னாடியே இருந்தது. அதை ஆசிலோஸ்கோப் வெச்சு அளந்து, ஒரு விஞ்ஞானமா மாத்தினது காடன்.

விளைவு? 1961-ல அவரோட 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத்திறன் குடுத்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன். டர்போ, சூப்பர்சார்ஜர் எதுவும் இல்லாம இந்தக் கணக்கைத் தொட்ட முதல் எஞ்சின். ஒரு அளவுக்கு இன்னைக்கு நம்ம 350 சி.சி. கிளாசிக் 20 குதிரைத்திறன் குடுக்குது. அறுபது வருஷத்துக்கு முன்னாடி, அதுல மூணுல ஒரு பங்கு சைஸ் எஞ்சின், அதை விட அதிகம். அந்த வித்தியாசத்துல பெரிய பங்கு ஒரு தகரக் குழாயோட வடிவம்.

அந்த வண்டியை ஓட்டினவர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 சீசன்ல 125 சி.சி. உலகப் பட்டம் கைக்கெட்டுற தூரத்துல இருந்தது. ஆகஸ்ட் 13-ஆம் தேதி பெர்லின் சுவர் எழும்ப ஆரம்பிச்சது. செப்டம்பர்ல ஸ்வீடன்ல கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயம். அந்த வாரக் கடைசியில டெக்னரோட மனைவியையும் ரெண்டு பசங்களையும் கார் டிக்கியில மறைச்சு மேற்கு ஜெர்மனிக்குக் கொண்டுவந்துட்டாங்க. பந்தயத்துல அவரோட எஞ்சின் உடைஞ்சது. அவர் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பவே இல்ல. டென்மார்க் வழியா மேற்கே போனார், அங்கேருந்து ஜப்பானுக்கு, ஹமாமட்சுவுல இருந்த சுசூகிக்கு. காடன் பல வருஷம் உட்கார்ந்து கண்டுபிடிச்சது எல்லாம் அவர் கூடவே போயிடுச்சு.

அடுத்த வருஷமே, 1962-ல, 50 சி.சி. உலகப் பட்டத்தை டெக்னர் சுசூகிக்கு வாங்கிக் குடுத்தார். சுசூகியோட முதல் உலகப் பட்டம் அது. ஃபார்முலா ஒன் பார்க்குறவங்களுக்கு சுசூகா டிராக்ல டெக்னர் வளைவு தெரிஞ்சிருக்கும். இவர் பேருதான். 1962-ல அங்கே விழுந்தார். காடனுக்கு என்ன கிடைச்சது? எம்.ஸெட். கடைசி வரைக்கும் உலகப் பட்டம் வாங்கவே இல்ல. ஜப்பானிய கம்பெனிகள் அந்தக் குழாயை வெச்சு உலகத்தையே ஜெயிச்சாங்க. எனக்கு இந்தக் கதையில யாரைக் குத்தம் சொல்றதுன்னு இன்னும் தெரியல. டிக்கிக்குள்ள மூச்சை அடக்கிக்கிட்டு எல்லை தாண்டின அந்தப் பசங்களை நினைச்சா டெக்னரைத் திட்ட மனசு வரல.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, 1984-ல ஓசூர் தொழிற்சாலையில இருந்து ஒரு வண்டி வெளியே வந்தது, இண்ட்-சுசூகி ஏ.எக்ஸ்.100. ஜப்பானியக் கூட்டுல இந்தியாவில் செஞ்ச முதல் 100 சி.சி. மோட்டார் சைக்கிள். டூ-ஸ்ட்ரோக். அடுத்த வருஷம் எஸ்கார்ட்ஸ் யமஹா ஆர்.எக்ஸ்.100 கொண்டுவந்தாங்க. 98 சி.சி., 11 குதிரைத்திறன், எடை சுமார் 100 கிலோ. ட்சோபாவ்ல பிறந்த இயற்பியல், ஹமாமட்சு போய், ஓசூர் வழியா மவுண்ட் ரோடுக்கு வந்து சேர்ந்தது. வெளியே பார்த்தா சாதாரண குரோம் குழாய், உள்ளே அதே கூம்புகளோட அடக்கமான வடிவம்.

அதனாலதான் ஆர்.எக்ஸ்.100 காலத்துப் பசங்க "சைலன்சர்தான்டா வண்டி"ன்னு சொன்னது பொய் இல்ல. டூ-ஸ்ட்ரோக்ல குழாய் எஞ்சினோட பாதி. நீளத்தைக் கொஞ்சம் மாத்தினா, வண்டி எந்த ஆர்.பி.எம்.ல எகிறும்ங்கிறதே மாறிடும். ஆனா அதுலயும் ஒரு கணக்கு உண்டு. அலை திரும்பி வர்ற நேரம் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குத்தான் பொருந்தும். மேல பலம் கூட்டினா கீழே போயிடும். எங்க சித்தப்பா ஒரு ஆர்.எக்ஸ். வெச்சிருந்தார். பக்கத்து வீட்டு அண்ணன் அதே வண்டிக்கு ரேஸ் குழாய் போட்டார். பீச் ரோட்ல காலையில அஞ்சு மணிக்கு அவர்தான் ராஜா. பனகல் பார்க் டிராஃபிக்ல எங்க சித்தப்பா அவரைத் தாண்டிப் போய் டீ வாங்கிட்டு வந்துடுவார்.

சரி, நம்ம வண்டிக்கு வருவோம். இன்னைக்கு நீங்க ஓட்டுற பெட்ரோல் வண்டி அநேகமா ஃபோர்-ஸ்ட்ரோக். இதுல வாயு வெளியே போக வால்வு இருக்கு. கதவு இருக்கிற வீட்டுக்கு அலையால கதவு செய்ய வேண்டியதில்ல. உள்ளே வர்ற வால்வும் வெளியே போற வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற கொஞ்ச நேரத்துலதான் குழாய் ஏதாவது உதவி பண்ண முடியும். டூ-ஸ்ட்ரோக்ல குழாய் மாத்தினா கிடைக்கிற அளவுக்கு இதுல கிடைக்கவே கிடைக்காது. சர்வீஸ் சென்டர் பெஞ்சுல உட்கார்ந்து நாம கேக்குற கதைகள்ல பாதி, ஆர்.எக்ஸ். காலத்து உண்மையை புல்லட்டுக்கும் ஸ்கூட்டருக்கும் மாத்தி ஒட்டினது.

இன்னொரு கதையும் சுத்துது: "எஞ்சினுக்கு பேக் பிரஷர் வேணும்"னு. எந்த எஞ்சினும் தன் புகை வெளியே போக விடாம தடுக்கப்படுறதை விரும்பாது. வேண்டியது வேகம். சரியான தடிமன் குழாய்ல வாயு ஒரு ரயில் மாதிரி வேகமா போகும், போகும்போது பின்னாடி வர்றதையும் இழுத்துக்கிட்டுப் போகும். குழாயை ரொம்ப அகலமாக்கினா அந்த வேகம் குறைஞ்சு, கீழ் ஆர்.பி.எம்.ல இழுவை போயிடும். சிக்னல்ல இருந்து கிளம்பும்போது வண்டி சோம்புது, மேல போனாத்தான் எழும்புது. சென்னை டிராஃபிக்ல எப்போங்க நாம மேல போறோம்?

ஒரு கணக்கு போடலாம். 20 குதிரைத்திறன் வண்டி. சைலன்சர் மட்டும் மாத்தி ஒரு குதிரைத்திறன் கூடிடுச்சுன்னே வெச்சுக்கோங்க, நான் தாராளமாத்தான் சொல்றேன். அஞ்சு சதவீதம். வண்டி 195 கிலோ, நீங்க 75 கிலோ, மொத்தம் 270. எடையில அதே அஞ்சு சதவீதம் குறைச்சா 13 கிலோ சொச்சம். சைடு பாக்ஸ், கிராஷ் கார்டு, லேப்டாப் பேக், அந்த பேக்ல ஆறு மாசமா கிடக்கிற டம்ளர் எல்லாம் இறக்கி வெச்சா பிக்கப்ல கிட்டத்தட்ட அதே வித்தியாசம். செலவு பூஜ்யம்.

இப்போ குழாயோட மூணாவது வேலை. நான் முக்கியமா பேச வந்தது இதைத்தான்.

1921-ல ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்துல தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோல்ல ஈயக் கலவை சேர்த்தா எஞ்சின் தட்டாம ஓடும்னு கண்டுபிடிச்சார். ஈயம் விஷம்னு அன்னைக்கே தெரியும். ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேல உலகம் முழுக்க வண்டிப் புகையோட ஈயம் வெளியே வந்தது. ஈயம் குழந்தைகளோட மூளை வளர்ச்சியையே பாதிக்கும். 1950-களில், லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்துல கண்ணெரிஞ்சு கிடந்த காலத்துல, ஃபிரான்ஸ்ல பிறந்து அமெரிக்காவுல குடியேறிய யூஜீன் ஹூட்ரி கேட்டலிடிக் கன்வெர்டருக்குக் காப்புரிமை வாங்கினார். கண்டுபிடிச்சும் பயன்படுத்த முடியல. ஈயம் பட்டா அது செத்துடும். முதல்ல பெட்ரோல்ல இருந்து ஈயத்தை எடுக்கணும். அமெரிக்காவுல 1975 மாடல் கார்கள்ல இருந்துதான் அது பரவலா வந்தது. இந்தியாவுல 1995 ஏப்ரல்ல, சென்னையையும் சேர்த்து நாலு பெருநகரங்கள்ல, புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்டர் கட்டாயமாச்சு. அதுக்காக ஈயமில்லாத பெட்ரோலும் பங்குக்கு வந்தது. 2000 பிப்ரவரியில நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்னுது. நீங்க 2000-க்கு அப்புறம் பிறந்தவரா இருந்தா, இந்திய பெட்ரோல் பங்குல ஈயம் இல்லாத முதல் தலைமுறை நீங்கதான். அதுக்குப் பின்னாடி ஒரு குழாய் இருக்கு, அதுக்குள்ள இருக்கிற தேன்கூடு இருக்கு.

தேன்கூடுன்னா நிஜமாவே தேன்கூடு மாதிரிதான். நுணுக்கமான துளைகள், மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சூடானதும் கார்பன் மோனாக்ஸைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்ஸைடு மூணையும் பிடிச்சு, பத்துல ஒன்பது பங்குக்கு மேல கார்பன் டை ஆக்ஸைடாவும் தண்ணியாவும் நைட்ரஜனாவும் மாத்திடும். ஆர்.எக்ஸ்.100 1996-ல நின்னதுக்குக் காரணமும் இந்தப் புகை விதிகள்தான். 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்த பிறகு, ஸ்கூட்டர் வரைக்கும் இந்தக் குழாய் கம்ப்யூட்டரோட பேசுது. குழாய்ல ஒரு ஆக்சிஜன் சென்சர், அது சொல்றதைக் கேட்டு பெட்ரோல் அளவை மாத்துற ஈ.சி.யு.

கடையில ஃப்ரீ ஃப்ளோன்னு விக்கிறதுல ரெண்டு வகை. பின்னாடி டப்பாவை மட்டும் மாத்துறது ஸ்லிப்-ஆன். உங்க மாடல்ல கன்வெர்டர் முன் குழாய்ல இருந்தா இதனால அது தப்பிச்சுக்கும். பல வண்டிகள்ல கன்வெர்டர் டப்பாவுக்குள்ளேயே இருக்கு. அப்போ டப்பா போனா அதுவும் போச்சு. முழுக் குழாயையும் மாத்தினா எப்படியும் போயிடும். கடைக்காரர் பெரும்பாலும் இதைச் சொல்ல மாட்டார். உங்க வண்டி அன்னைக்கு சாயங்காலமே இருபது வருஷம் பின்னாடி போயிடுது, புகை விஷயத்துல. சிக்னல்ல உங்க பின்னாடி ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்கிற யு.கே.ஜி. பாப்பாவோட மூக்கு, உங்க குழாய்க்கு ரொம்பத் தூரம் இல்ல.

மைலேஜ் ஏறும்னு சொன்னாங்களே? குழாய் மாறினா காற்று ஓட்டம் மாறும். முழு திராட்டில்ல ஈ.சி.யு. சென்சரைக் கேக்காம, கம்பெனி எழுதி வெச்ச கணக்கைப் பார்த்துத்தான் பெட்ரோல் ஊத்தும். அந்தக் கணக்கு பழைய குழாய்க்கானது. சரி பண்ண ரீமேப் பண்ணணும், அது தனி செலவு, வாரண்டியும் கேள்விக்குறி. நீங்களும் அந்தச் சத்தத்தைக் கேக்குறதுக்காகவே திராட்டில் முறுக்குவீங்க. மைலேஜ் ஏறாது.

டர்போ பெட்ரோல் கார் வெச்சிருக்கிறவங்க இப்போ கை தூக்குவாங்க. அவங்களுக்கு விஷயம் கொஞ்சம் வேற. டர்போவுக்குப் பின்னாடி அடைப்பு குறைஞ்சா டர்பைன் சுலபமா சுத்தும், ரீமேப்போட சேர்த்தா நிஜமாவே நல்ல பலம் கிடைக்கும். சிக்கல் என்னன்னா, பலம் குடுக்கிற அந்த டவுன்பைப்லதான் பல கார்கள்ல கன்வெர்டர் உட்கார்ந்திருக்கு.

சட்டத்தையும் சொல்லிடறேன். சத்த வரம்பு 80 முதல் 175 சி.சி. வரைக்கும் இருசக்கர வண்டிக்கு 77 டெசிபல், அதுக்கு மேல 80. டெசிபல் கணக்கு நேர்க்கோடு இல்ல: பத்து கூடினா ஒலி ஆற்றல் பத்து மடங்கு. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், கம்பெனி ஒப்புதல் வாங்கின அமைப்பில இருந்து வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதே வருஷம் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும். சத்தம், புகை விதியை மீறினா பத்தாயிரம் வரைக்கும் தனி. பதினாலாயிரம் பட்ஜெட்ல இதையும் சேர்த்துக்கோங்க.

ஆக, மிச்சம் இருக்கிறது சத்தம். சத்தத்துக்காகத்தான் வாங்குறேன்னு ஒருத்தர் சொன்னா நான் சிரிக்க மாட்டேன். எனக்கும் பிடிக்கும். ஹார்லி டேவிட்சன் கம்பெனி தன் எஞ்சின் சத்தத்துக்கே வணிகமுத்திரை கேட்டு 1994-ல விண்ணப்பிச்சு, ஆறு வருஷம் போராடிக் கைவிட்டது. சத்தத்துக்கு மதிப்பு இருக்கு. ஆனா காசு குடுக்கிறது நீங்க, கேக்குறது தெரு. ராத்திரி குடியிருப்புப் பகுதிக்கு சட்டம் வெச்சிருக்கிற அளவு 45 டெசிபல். பதினொரு மணிக்கு ஷிஃப்ட் முடிச்சு நீங்க திரும்பும்போது, நைட் டியூட்டி போய் வந்து தூங்குறவங்க, அப்போதான் கண்ணசந்த குழந்தை, ஆஞ்சியோ பண்ணிட்டு வந்த தாத்தா எல்லாரும் அந்தத் தெருவுலதான் இருக்காங்க. சத்தம் இருந்தாத்தான் லாரிக்காரன் விலகுவான்னு சொல்றவங்களுக்கு: குழாய் பின்னாடி பார்த்து இருக்கு. ஆபத்து அதிகமும் முன்னாடி இருந்துதான் வருது.

எப்போ மாத்தலாம்? துரு ஓட்டை போட்டிருந்தா தாராளமா மாத்துங்க, கம்பெனி பாகமே வாங்குங்க. டிராக்ல மட்டும் ஓட்டுற வண்டின்னா முழு சிஸ்டம், ரீமேப், டைனோ எல்லாம் சேர்த்துப் பண்ணுங்க. அங்கே டைட்டானியம் குழாய் குறைக்கிற கிலோ கணக்கே ஒரு லாபம். பழைய டூ-ஸ்ட்ரோக் வெச்சிருக்கிற அதிர்ஷ்டசாலியா இருந்தா புதுக் குழாய் தேடுறதுக்கு முன்னாடி பழசோட உள் குழாயைக் கழட்டி கார்பன் எடுங்க. டூ-டி ஆயில் கரி அடைச்சுத்தான் பாதி ஆர்.எக்ஸ். மூச்சு வாங்குது. சுத்தம் பண்ணினதும் பழைய பிக்கப் திரும்பி வர்றதை எங்க சித்தப்பா வண்டியிலயே பார்த்திருக்கேன்.

இவ்வளவு கேட்டும் சில பேர் மாத்தத்தான் போறீங்க, எனக்குத் தெரியும். அப்படி மாத்தினா, கழட்டின சைலன்சரைக் கடையில விட்டுட்டு வராதீங்க. "பழசு என்ன பண்ணப் போறீங்க, வெச்சுக்கிறேன், ஐந்நூறு குறைச்சுக்கலாம்"னு சொல்லுவாங்க. உள்ளே இருக்கிற பிளாட்டினமும் ரோடியமும் ஐந்நூறு ரூபாய்க்கு மேல போகும். அதை விட முக்கியமா, வண்டியை விக்கும்போதோ, பதினஞ்சு வருஷம் கழிச்சு ஆர்.சி. புதுப்பிக்க எடுத்துட்டுப் போகும்போதோ அந்தக் குழாய்தான் திரும்ப வேணும். பழைய பெட்ஷீட்ல சுத்தி, பரண்ல போட்டு வைங்க.